அச்சில் வார்க்கும் அழிரப்பர்: வீட்டு அவனில் ஒரு தடவைக்கு 24

கடையில் வாங்கிய நல்ல வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து மடக்கிப் பாருங்கள். கொஞ்சம் வளையும். அதற்குமேல் வளைத்தால் பன்னீர்க் கட்டி மாதிரி பட்டென்று பிளந்துவிடும், பிளந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். தரக்குறைவால் இப்படி ஆவதில்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பென்சில் கரி காகித நாரில் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது. ரப்பரின் மேல்தோல் அந்தக் கரியைப் பிடித்துக்கொண்டு, தானும் உதிர்ந்து, திரியாக உருண்டு வெளியேற வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்து புதுத்தோல் வந்து அடுத்த கரியைப் பிடிக்கும். உதிராத ரப்பர் பிடித்த கரியை விடாமல் வைத்துக்கொண்டு, அதையே காகிதம் முழுக்கப் பூசிவிடும்.

வீட்டில் ரப்பர் செய்து தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். எதையும் செய்தால் உறுதியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்து நன்றாக வேகவைத்துவிடுகிறார்கள். செருப்பு மாதிரி வலுவான பண்டம் வரும், அழிக்காது. நமக்கு வேண்டியது கணக்கான அரைவேக்காடு. கீழே வரும் அளவு, சூடு, நேரம் எல்லாமே அதற்காகத்தான்.

எதைக் கொண்டு செய்வது

பெயர்தான் ரப்பர். இன்று பள்ளிப்பையில் கிடக்கும் வெள்ளை ரப்பர்களில் பெரும்பாலானவை பிவிசி. பிவிசித் தூளை ஓர் எண்ணெயில் குழைத்து, தோசைமாவுப் பதத்தில் அச்சில் ஊற்றிச் சூடாக்கினால், தூள் எண்ணெயைக் குடித்து ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழைவுக்கு பிளாஸ்டிசால் என்று பெயர். இந்த வழிகாட்டி அந்த முறையைப் பற்றியது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் கிடைக்கிறதே, அதை ஊற்றிக் காயவைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. காய்ந்த பால் இழுபடும் தோலாகத்தான் வரும், உதிராது. இயற்கை ரப்பரில் அழிப்பான் செய்யும் ஆலைகள், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய தாவர எண்ணெயை அதில் நிறையக் கலந்து உதிரும் தன்மையை வரவழைக்கின்றன. அது வீட்டு வேலை இல்லை. வெள்ளைப் பசையும் சோளமாவும் கலந்து ரப்பர் செய்யலாம் என்று சுற்றிவரும் குறிப்புகளை நம்பி மாவை வீணாக்க வேண்டாம்.

குழந்தைகளோடு விடுமுறையில் செய்து பார்க்கத்தான் ஆசை என்றால், அழிப்பான் களிமண் என்று தயாராக விற்கும் பாக்கெட்டை வாங்குங்கள். அச்சில் அழுத்தி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு வேகவைத்தால் போதும். பொடி கலக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

வாங்க வேண்டியவை

பிவிசி ரெசின்: இதுதான் அந்தத் தூள். பேஸ்ட் கிரேடு என்று அழுத்திக் கேளுங்கள். ரெக்சின் துணி செய்பவர்கள் வாங்குவது அதுதான். கடைக்காரர் பைப் கிரேடு கொடுத்தால் வேண்டாம். அதன் மணிகள் பெரியவை, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஈரமணல் மாதிரி நிற்கும், எவ்வளவு கிளறினாலும் குழைவாகாது. விரலிடுக்கில் தேய்த்தால் தெரிந்துவிடும்: பேஸ்ட் கிரேடு முகப்பவுடர் போல வழுக்கும், பைப் கிரேடு ரவை போல நெருடும்.

பிளாஸ்டிசைசர்: இதுதான் அந்த எண்ணெய். வெறுமனே பிளாஸ்டிசைசர் என்று கேட்டால் டிஓபி கையில் வரலாம். அது தாலேட் வகை. குழந்தைகளின் பொம்மைகளில் அதற்கு ஐரோப்பாவில் 0.1 சதவீத வரம்பு இருக்கிறது, இந்தியப் பொம்மைத் தரநிலையிலும் தாலேட்டுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. பென்சில் டப்பாவில் இருப்பது வாய்க்குப் போகாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வரம்பில் வராத டிஓடிபி என்ற வகையைக் கேளுங்கள், கேனின் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கால்சியம் கார்பனேட்: சுண்ணாம்புக்கல் பொடி. அரைத்த வகை, 5 முதல் 10 மைக்ரான். வீழ்படிவாக்கிய மிக நைசான வகை எண்ணெயை அதிகம் குடித்துக் கலவையைக் களியாக்கிவிடும். செலவு மிச்சம் என்று கோலமாவைப் போடாதீர்கள். அதில் வெள்ளைக் கல்பொடி இருக்கும், காகிதத்தைக் கீறும். சாக்பீஸைப் பொடித்தும் போடக்கூடாது. நம் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதற்குள் கட்டுண்ட நீர் சூட்டில் ஆவியாகி ரப்பரை வடை மாதிரி ஓட்டையாக்கும்.

ஸ்டெபிலைசர்: சூட்டில் பிவிசி சிதையாமல் காப்பது இது. கால்சியம்-துத்தநாக வகைத் திரவம். ஈயம் கலந்தது பக்கத்தில்கூட வரக்கூடாது. வெண்மைக்குக் கொஞ்சம் டைட்டானியம் டையாக்சைடு. நிறம் வேண்டுமானால் பிவிசிக்கு என்று விற்கும் நிறப் பேஸ்ட். போஸ்டர் கலர், கேசரிப் பவுடர் கரைசல் போன்ற நீர்க்கலவைகள் கொப்புளம் கிளப்பும். துணிச் சாயம் ரப்பரிலிருந்து கசிந்து நோட்டில் கோடு போடும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் இவற்றை விசாரிக்கலாம். சில்லறையாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது.

கருவிகளில் முக்கியமானது ஒரு ஓடிஜி அவன், அதாவது மேலும் கீழும் கம்பி சூடேறும் சிறு மின் அடுப்பு. மின்விசிறி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. அதை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதில் பிறகு கேக் சுடக்கூடாது. குத்திப் பார்க்கும் முனையுள்ள வெப்பமானி, ஒரு கிராம் வரை காட்டும் தராசு, எவர்சில்வர் கிண்ணம், தட்டையான கரண்டி, மாவுச் சல்லடை, நைட்ரைல் கையுறை, பொடியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். ஸ்டைரீன் கப்பில் கலக்காதீர்கள், எண்ணெய் பட்டால் கப் இளகும்.

அச்சு

சோப்புக்கு விற்கும் சிலிகான் அச்சு போதும். குழி ஒவ்வொன்றும் 40 × 20 × 12 மி.மீ. என்றால் கைக்கு அடக்கமான ரப்பர் வரும். பூ, மீன், டைனோசர் என்று வால் நீட்டிய உருவங்கள் அழகுதான், ஆனால் நாம் செய்வது எளிதில் உதிரும் பண்டம். மெலிந்த வால் அச்சிலிருந்து எடுக்கும்போதே கையோடு வந்துவிடும். எந்த இடமும் 8 மி.மீட்டருக்குக் குறையாத உருவம் பாருங்கள். தின்பண்ட உருவமும் பழவாசனையும் வேண்டாம். சின்னப் பிள்ளை கடித்துத்தான் பார்க்கும்.

புது அச்சை வெறுமனே 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டெடுங்கள். சிலிகானில் எதுவும் ஒட்டாது என்பதால் எண்ணெய் தடவத் தேவையில்லை.

கலவைக் கணக்கு

அடிப்படை விகிதம் எடையில்: ரெசின் 100, டிஓடிபி 120, கால்சியம் கார்பனேட் 100, ஸ்டெபிலைசர் 3. வெண்மை வேண்டுமானால் டைட்டானியம் 2. இதை அப்படியே ஒரு தடவை செய்து பாருங்கள். மாற்றங்கள் அதற்குப் பிறகு.

உங்கள் அச்சு எவ்வளவு பிடிக்கும் என்று அறிய, அச்சைத் தராசில் வைத்துக் குழிகளை நீரால் நிரப்புங்கள். மேலே சொன்ன அளவில் 24 குழி என்றால் நீர் சுமார் 230 கிராம். இந்தக் கலவை நீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம். 230 × 1.4 = 322. கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒட்டுவதற்கு 10 சதவீதம் கூட்டினால் 354. ஆக ரெசின் 110 கிராம், டிஓடிபி 132, கார்பனேட் 110, ஸ்டெபிலைசர் 3. அளந்ததும் அச்சைத் துடைத்து, அவனில் காட்டி, ஈரமே இல்லாமல் காயவையுங்கள். ஒரு துளி நீர் நின்றாலும் அந்த இடத்தில் கொப்புளம் வரும்.

கலப்பது

முந்தைய நாளே கார்பனேட்டைத் தட்டில் பரப்பி 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மூடி ஆறவையுங்கள். மழைக்காலத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது.

கிண்ணத்தில் டிஓடிபியில் பாதியை ஊற்றி அதில் ஸ்டெபிலைசரைக் கரையுங்கள். நிறமும் டைட்டானியமும் இப்போதே, கொஞ்சம் எண்ணெயில் தனியாகக் குழைத்துச் சேர வேண்டும். ரெசினைச் சல்லடையில் சலித்து நான்கு தவணையாகப் போட்டு, கேழ்வரகு மாவு கரைப்பது போல் கட்டியில்லாமல் குழையுங்கள். முதலில் கலவை கெட்டியாக இருப்பதுதான் நல்லது, கெட்டிக் குழைவில்தான் கட்டிகள் நசுங்கும். மொத்த எண்ணெயையும் முதலிலேயே ஊற்றியவர்கள் கட்டிகளை மிதக்கவிட்டுத் துரத்திக்கொண்டிருப்பார்கள். குழைவு வழவழவென்று ஆனதும் மீதி எண்ணெயில் பெரும்பகுதியை ஊற்றி, கார்பனேட்டை மூன்று தவணையாகச் சேர்த்து, கடைசி எண்ணெயால் கிண்ண ஓரத்தைக் கழுவி இறக்குங்கள்.

கரண்டி அடியைத் தொட்டபடி மெதுவாகச் சுற்ற வேண்டும். முட்டை அடிப்பது போல் அடித்தால் காற்று உள்ளே போய்விடும். மிக்சி கூடவே கூடாது. பிளேடு சூட்டில் ரெசின் அப்போதே எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்து, ஊற்றுவதற்கு முன்பே கலவை இறுகும். கலவை 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் விடியற்காலையில் கலப்பதே புத்திசாலித்தனம்.

சல்லடையில் ஒருமுறை வடிகட்டி, மூடி, நிழலில் 4 மணி நேரம் வையுங்கள். குமிழிகள் மேலே வந்து உடையும். இடையிடையே கிண்ணத்தை மேசையில் தட்டிவிட்டால் சீக்கிரம் வரும். ஓய்வுக்குப் பிறகு அடியில் கார்பனேட் கொஞ்சம் தங்கியிருக்கும், மெதுவாக நாலு சுற்று சுற்றிவிட்டு ஊற்றுங்கள்.

ஊற்றுவது

அச்சை வளையாத அலுமினியத் தட்டின் மேல் வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சிலிகான் தொளதொளவென்று இருக்கும், நிரப்பிய பின் தூக்கினால் குழிகள் வழியும். தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிலிகான் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அடியிலிருந்து சீராகச் சூடேற்றித் தருவது தட்டுதான். அவனுக்குள் தட்டு சமமாக இருக்கிறதா என்று ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது உருண்டால் ரப்பர் ஒருபக்கம் தடித்து வரும்.

குழியின் ஒரு மூலையில் நூல் போல் ஊற்றி, கலவை தானாகப் பரவ விடுங்கள். விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே நிறுத்துங்கள். தட்டைப் பத்துப் பதினைந்து முறை மேசையில் தட்டி, மேலே வரும் குமிழிகளை ஊசியால் உடையுங்கள்.

வேகவைப்பது

முழு வேலையும் இங்கேதான் தேறும், இல்லையென்றால் கெடும். ஓடிஜியின் திருகில் 130 என்று இருந்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பாதீர்கள். 20 டிகிரி வரை முன்பின்னாக இருப்பது சகஜம். வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு, 20 நிமிடம் முன்சூடாக்கி, திருகின் எந்த இடத்தில் உண்மையான 130 வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்கம்பி சிவக்கும்போது அதன் அனல் நேராக மேற்பரப்பைத் தாக்கும். மேல்தோல் வெந்து முறுகும், நடு பச்சையாகவே நிற்கும். அச்சுக்கு நாலு விரல் மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே நேரத்தில் ஓர் அடுக்கு மட்டும் வையுங்கள். இரண்டு அடுக்கு வைத்தால் மேலே தீயும், கீழே வேகாது.

12 மி.மீ. தடிமனுக்கு மொத்தம் 35 முதல் 45 நிமிடம் ஆகும். நேரத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குழியைச் சோதனைக்கென்று ஒதுக்கி அதன் நடுவில் வெப்பமானி முனையைச் செருகிவையுங்கள். சூடு ஏறும்போது கலவை முதலில் பளபளப்பை இழந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அது உறைதல்தான், வேகுதல் இல்லை. அந்த நிலையில் எடுத்தால் விரல் பட்டாலே பொடியும். நடுச்சூடு 115 டிகிரியைத் தொட்டதும் 5 நிமிடம் வைத்து வெளியே எடுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்ற எண்ணம்தான் இந்த வேலையில் பெரிய எதிரி. நடு 150 டிகிரிக்குப் போய்விட்டால் மணிகள் முழுமையாகக் கலந்து இழுபடும் ரப்பராகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை.

பிரஷர் குக்கர் 120 டிகிரி தருமே, அதுவே தானாக நிற்கும் அளவாயிற்றே என்று தோன்றும். கணக்கு சரிதான். ஆனால் கலவை பொங்கி வெயிட் துவாரத்தில் ஏறி இறுகினால் குக்கர் வெடிக்கும். அந்த யோசனையே வேண்டாம்.

ஜன்னலைத் திறந்துவையுங்கள். லேசான எண்ணெய் வாடை இயல்பு. ரப்பர் மஞ்சளித்து, மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி வந்தால் பிவிசி சிதைந்து அமில ஆவி வருகிறது என்று பொருள். ஓடிஜியை அணைத்துவிட்டு, அதன் கதவைத் திறக்காமல், அறையை விட்டு வெளியேறுங்கள். ஆறிய பிறகு திறந்து பாருங்கள்.

எடுப்பதும் சோதிப்பதும்

சூடாக இருக்கும்போது பிடுங்கினால் கிழியும். தட்டோடு எடுத்து மின்விசிறிக்குக் கீழே வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அச்சின் ஓரங்களை விரித்துவிட்டு அடியிலிருந்து தள்ளுங்கள். இரண்டு அச்சு வைத்திருந்தால் ஒன்று ஆறும்போது மற்றது வேகும், ஒரு மதியத்தில் மூன்று நான்கு சுற்று முடிந்துவிடும். பிசிறுகளைப் பிளேடால் சீவி, மேலே கொஞ்சம் கார்பனேட் தூவி உருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

சோதனையை மறுநாள் செய்யுங்கள். சாதாரண நோட்டுத்தாளில் 2பி பென்சிலால் ஒரு சதுரத்தை நிரப்பி, ரப்பரின் மூலையால் பத்துத் தடவை தேயுங்கள். பளபளப்பான அச்சிலிருந்து வந்த ரப்பரில் முதல் நாலைந்து தேய்ப்பு வழுக்கும், அது மேல்தோல், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு வரும் திரியைப் பாருங்கள். கறுத்து, உருண்டு, சேமியாத் துண்டு போல் நின்றால் வேலை முடிந்தது. திரியே வராமல் ரப்பர் முகம் மட்டும் கறுத்துப் பளபளத்தால் வெந்தது அதிகம். அடுத்த சுற்றில் நடுச்சூட்டை 110க்கு இறக்குங்கள். திரி உருளாமல் தவிடு மாதிரி உதிர்ந்து, ரப்பர் கண்ணெதிரே தேய்ந்தால் வெந்தது போதவில்லை. 120 வரை ஏற்றுங்கள். இந்த வகையில் நல்ல செய்தி என்னவென்றால், வேகாததைத் திரும்ப அச்சில் வைத்து இன்னும் பத்து நிமிடம் சுட்டுச் சரிசெய்யலாம்.

சூடு சரியாக அமைந்த பிறகே கலவையில் கை வையுங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. கை வலிக்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால் டிஓடிபியை 120லிருந்து 130 ஆக்குங்கள். மேலே எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் 110. காகிதம் உரிகிறது என்றால் கார்பனேட்டை 80க்குக் குறையுங்கள், அழிக்காமல் வழுக்குகிறது என்றால் 120க்கு ஏற்றுங்கள். உள்ளே ஓட்டை இருந்தால் வடிவத்தைப் பாருங்கள்: உருண்டையான சிறு குமிழி என்றால் கலக்கும்போது புகுந்த காற்று, ஒழுங்கில்லாத பெரிய பொந்து என்றால் ஈரம்.

இரண்டு நிறம் அடுக்க விரும்பினால், முதல் நிறத்தைப் பாதிக் குழி ஊற்றி, பளபளப்பு போகும்வரை மட்டும் சூடேற்றி, உடனே இரண்டாவதை ஊற்றிச் சேர்த்து வேகவையுங்கள். முதல் அடுக்கு முழுதாக வெந்துவிட்டால் இரண்டும் பிறகு தனித்தனியாகக் கழன்று வரும்.

வைப்பதும் மிச்சமும்

பிளாஸ்டிக் ஸ்கேலின் மேல் மாதக்கணக்கில் கிடந்த ரப்பரைப் பிரித்தெடுத்தால், அதன் வடிவத்துக்கு ஸ்கேலில் ஒரு பள்ளம் இருக்கும், மில்லிமீட்டர்க் கோடுகள் ரப்பரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய் மெல்லக் கசிந்து அந்த பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. கடை ரப்பர்கள் அட்டைச் சட்டை போட்டு வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். நீங்களும் தடித்த காகிதத்தில் 40 மி.மீ. ரப்பருக்கு 30 மி.மீ. உயரச் சட்டை வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள். மொத்தமாக வைக்க அட்டைப்பெட்டி அல்லது தகர டப்பா. பளிங்கு மாதிரியான கெட்டி பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

வேகாத கலவை மிஞ்சினால் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி நிழலில் வையுங்கள். நாளாக ஆக இறுகும், இரண்டு வாரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். கிண்ணத்தில் ஒட்டியதைக் காகிதத்தால் துடைத்த பிறகே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சாக்கடையில் ஊற்றக்கூடாது. வழித்தெடுத்த மிச்சத்தை அலுமினியத் தாளில் பரப்பி அடுத்த சுற்றோடு சுட்டுவிட்டால் கெட்டியாகிவிடும், குப்பையில் போடலாம். கொல்லையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள்: பிவிசி எரிந்தால் அதே அமில ஆவியோடு டையாக்சினும் வரும்.